காப்பகத்துக்குப் பிறகு எங்கே?

பினாங்கு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் 40 பேருக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

குடும்ப வன்முறை இல்லாத தொகுதி என்று இந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்று பார்க்காமல் 40 பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். கணவனின் கைக்குத் தப்பிப் பிள்ளைகளோடு ஓடி வந்த பெண்ணுக்குச் சில காலம் தங்க ஒரு காப்பகம் கிடைக்கிறது. அந்தக் காலம் முடிந்த பிறகு அவர் எந்த வீட்டுக்குப் போவது? நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. மாநில அரசும் இரண்டு மாநகர் மன்றங்களும் வாடகைக்கு விடும் வீடுகள் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே பதில் சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான்.

பெண்கள் பாதுகாப்பில் பினாங்கு பின்தங்கிய மாநிலம் இல்லை. டபிள்யூ.சி.சி. என்று நாம் அழைக்கும் பெண்கள் மாற்றத்துக்கான மையம் 1985-இல் இங்கேதான் தொடங்கியது. பர்மா ரோட்டில் இருக்கும் அதன் அலுவலகப் படியேறிப் போன பெண்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. அந்த மையம் ஆலோசனை சொல்கிறது, நீதிமன்றத்துக்குத் துணைக்கு வருகிறது, முகவரி வெளியே தெரியாத ஒரு தற்காலிகக் காப்பகத்தையும் நடத்துகிறது. அடிபட்டு வரும் பெண்ணை மருத்துவர், போலீஸ், சமூகநல அதிகாரி என்று அலையவிடாமல் ஒரே அறையில் வைத்துக் கவனிக்கும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பின்னர் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. நம் பெரியாஸ்பத்திரியிலும் இருக்கிறது. கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கனித்தா ஆய்வு மையம்தான், தீபகற்ப மலேசியாவில் துணையோடு வாழ்ந்த பெண்களில் 9 விழுக்காட்டினர் குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று 2014-இல் கண்டு சொன்னது. ஏறக்குறைய 11 பேரில் ஒருவர். கோயில் திருவிழாவில் உங்களுக்கு மாலை போட வரிசையில் நிற்கும் பெண்களை அடுத்த முறை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

நாடு முழுக்க 2020-இல் 5,260 குடும்ப வன்முறைப் புகார்கள் போலீசுக்கு வந்தன. 2021-இல் அது 7,468 ஆனது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் பூட்டப்பட்டபோதுதான், வீடு யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இல்லை என்பது ஊருக்கே தெரிய வந்தது. புகார் செய்யாதவர்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை.

1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பல பெண்கள் போராடிப் பெற்ற நல்ல சட்டம். 1996 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாமல் விட்டுவிட்ட பெண்ணையும் அது காக்கிறது. மதப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால் போதும். 2017-இல் செய்த திருத்தத்தால், சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க முடிகிறது. அதற்காகப் பெண் முதலில் போலீஸ் நிலையம் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் சில கடமைகளை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும். விட்டுவந்த வீட்டிலிருந்து துணிமணி, பத்திரங்களை எடுத்துவரத் துணைக்குப் போக வேண்டும். காப்பகம்வரை கொண்டுபோய்விடச் சட்டம் இருக்கிறது. காப்பகத்திலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்பதை ஓர் அலுவலக முகப்பில் நின்று பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கு மனுப் போட வந்த ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் யார் என்று தெரியும்படி எதையும் இங்கே எழுத மாட்டேன். பிள்ளையின் பள்ளிப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் பிறப்புப் பத்திரங்கள், தன் சம்பளச் சீட்டு, நான்காக மடித்த போலீஸ் புகார் நகல். முகப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ‘காக்’ (அக்கா) என்றுதான் கூப்பிட்டார். பாரத்தைப் புரட்டிவிட்டு, கணவரின் அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் கேட்டார். பிரிந்து வந்துவிட்டேன் என்றார் இவர். அப்படியானால் விவாகரத்துப் பத்திரம் வேண்டும் என்றார் அவர். அது இன்னும் ஆகவில்லை. போலீஸ் புகாரை எடுத்து நீட்டினார். முகப்பில் இருந்தவர் அதை இரண்டு வரி படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இந்தப் பாரத்தில் இதற்கு இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த பாரம் அப்படி. கணவனோடு வாழ்பவர், கணவனை இழந்தவர், விவாகரத்தானவர் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. நேற்று ராத்திரி ஓடி வந்தவருக்கு ஒரு கட்டம் இல்லை.

விவாகரத்து வாங்கிவிட்டு வரட்டும் என்று சொல்வது எளிது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சட்டப்படி, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதவர் நீதிமன்றத்தின் தனி அனுமதி இல்லாமல் மனுவே போட முடியாது. அதன் பிறகும், கணவர் சம்மதிக்காவிட்டால், பொதுவாகத் திருமண நல்லிணக்கக் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். விதிவிலக்கு உண்டு; ஆனால் அதைக் கேட்டு வாங்க வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். மனு, விசாரணை, பிள்ளைகள் யாரோடு என்ற வழக்கு எல்லாம் முடிய மாதங்கள் வருடங்களாகும். அதுவரை அவர் சட்டத்தின் கண்ணில் மனைவி. பி.பி.ஆர். எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வாடகை வீட்டுக்கு மனுப் போடுகிறவரும் துணையும் சொந்த வீடு வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அடித்து விரட்டியவன் பெயரில் ஒரு வீடு இருந்தால், விரட்டப்பட்டவர் ‘வீடுள்ளவர்’ ஆகிவிடுகிறார். ஏழைகளுக்காக எழுதிய ஒரு நல்ல விதி இவர் விஷயத்தில் இப்படித்தான் போய் முடிகிறது.

வெளியே வாடகைக்குப் பார்க்கலாமே என்பீர்கள். இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 600 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை. சாவியைக் கையில் வாங்கும் முன்பே 2,100 ரிங்கிட் எண்ணி வைக்க வேண்டும். சேமிப்புப் புத்தகத்தையும் நகையையும் பூட்டிவைத்த வீட்டிலிருந்து வந்தவர் அதற்கு எங்கே போவார்? இரண்டு பிள்ளையோடு தனியாக வரும் பெண் என்றதும் முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ‘கணவர் வந்து சண்டை போட்டால் எங்களுக்கு ஏன் வம்பு?’ என்ற பேச்சைக் காதால் கேட்டவள் நான்.

ஜார்ஜ்டவுனில் இது எப்போதும் இத்தனை கடினமாக இருந்ததில்லை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, பழைய கடைவீடுகளின் மேல்மாடிகளில் பலகை அடித்துப் பிரித்த அறைகள் மலிவாகக் கிடைத்தன. வசதியான இடம் என்று சொல்ல மாட்டேன். ஒரே குழாய், ஒரே அடுப்படி, மழை பெய்தால் ஓடு ஒழுகும். ஆனாலும் துணி தைத்தோ வடை சுட்டு விற்றோ கைக்காசு பார்த்த ஒரு விதவைக்கும் கைவிடப்பட்டவருக்கும் அந்த அறை கட்டுப்படியானது. 1997-இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு முழுக்க நீங்கியது. 2008-இல் நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்த மேல்மாடிகளில் பல இன்று தங்கும் விடுதிகள். பட்டியலைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் ஏழைப் பெண்ணுக்கு நகருக்குள் இருந்த கடைசி மலிவு அறையும் அதோடு போனது என்பதை ஒளிக்கக் கூடாது.

நம் தோட்டப்புறங்களில் கதை வேறு மாதிரி இருந்தது. லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். அடிக்கிற கணவனை விட்டுப் போக நினைத்த பாட்டிமார்கள் போக இடமில்லாமல் அதே லயத்தில் கிடந்து செத்தார்கள். தோட்டங்கள் போய், பத்து காவானில் தொழிற்சாலைகள் வந்து, அவர்களின் பேத்திகள் அங்கே ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் சொந்தப் பெயரில் வருகிறது. வீடு மட்டும் இன்னும் கணவன் பெயரில்தான்.

உங்களால் நாளையே செய்யக்கூடிய ஒரு காரியம் அங்கேதான் இருக்கிறது. மாநில அரசும் மாநகர் மன்றங்களும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீட்டுக்காரர்கள். வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை முடிவு செய்பவர் வீட்டுக்காரர்தான். புதிதாகக் கொடுக்கும் ஒவ்வொரு வாடகை வீட்டையும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். ஒருவர் அடித்ததற்காகப் பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டால், ஒப்பந்தம் மற்றவர் பெயருக்கு மாறும் என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், வீடு யார் பெயரில் இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் மட்டும் அதில் வசிக்கும் உரிமையைக் கொடுக்க நீதிமன்றத்தால் முடியும். சொந்த வீட்டிலேயே நீதிமன்றம் அதைச் செய்யலாம் என்றால், அரசு தன் வாடகை வீட்டில் செய்யத் தயங்க என்ன இருக்கிறது? வெளியேற வேண்டியவன் அடித்தவன். பிள்ளைகள் அதே பள்ளிக்குப் போகட்டும். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம், வீட்டைப் பெண் பெயரிலோ கூட்டாகவோ எழுத வேண்டும் என்று விதி வைத்தது. நாம் கேட்பது அதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை.

இரண்டாவது, அந்தப் பாரம். பாதுகாப்பு உத்தரவோ, மருத்துவமனை நெருக்கடி மையத்தின் கடிதமோ, சமூகநல இலாகாவின் கடிதமோ கொண்டுவரும் பெண்ணிடம் கணவரின் பத்திரங்களைக் கேட்கக் கூடாது. அவருடைய சம்பளத்தையும் வீட்டையும் இவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. விவாகரத்துப் பத்திரம் பின்னால் வரட்டும். இதை ஓர் அதிகாரியின் நல்ல மனத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. எழுத்தில் விதியாக இருக்க வேண்டும். முகப்பில் இருப்பவர் குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியம் அப்போதுதான் இல்லாமல் போகும்.

மூன்றாவதுதான் செலவு பிடிக்கும் காரியம். காலியாகும் வாடகை வீடுகளில் ஒரு பங்கை, காப்பகத்திலிருந்து வெளியே வரும் பெண்களுக்கு என்று ஒதுக்குங்கள். தீவிலும் வேண்டும், பெருநிலத்திலும் வேண்டும். ஜார்ஜ்டவுனில் துரத்தப்பட்டவருக்கு புக்கிட் மெர்தாஜத்தில் வீடு கொடுத்தால்தான் சில நேரங்களில் உயிர் தப்பும். நிபோங் திபாலிலிருந்து ஓடி வந்தவருக்குத் தீவுப் பக்கம் தேவைப்படும். அந்த வீடுகள் ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் இருக்கக் கூடாது. ஊருக்கே அடையாளம் தெரிந்துவிடும். பி.பி.ஆர். வாடகை மாதம் 124 ரிங்கிட் என்பதை எல்லோரும் அறிவோம். சம்பளம் வாங்கும் பெண்ணால் அதைக் கட்ட முடியும். தானமாக யாரும் கேட்கவில்லை. வெளியே வாடகைக்குப் போகக்கூடியவருக்கு அந்த 2,100 ரிங்கிட்டை மாநிலம் முன்பணமாகக் கொடுத்துத் தவணையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எத்தனை இடங்கள் வேண்டும்? 10,000 மக்களுக்கு ஒரு குடும்பம் தங்கும் இடமாவது காப்பகங்களில் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மன்றம் சொல்லும் அளவு. 2020 கணக்கெடுப்பில் பினாங்கின் மக்கள்தொகை 17 லட்சத்து 40 ஆயிரம். அதன்படி பார்த்தால் 174 குடும்பங்களுக்கு இடம் வேண்டும். உங்கள் தொகுதியில் இருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். காப்பகத்தில் இருப்பவருக்கு அடுத்த வீடு கிடைக்காதவரை அந்தப் படுக்கை காலியாகாது. இன்று ராத்திரி ஓடி வருகிறவருக்கும் இடம் இருக்காது.

வீடற்றவர் என்றதும் கடைகளுக்கு முன்னுள்ள அஞ்சடியில் அட்டை விரித்துப் படுத்திருக்கும் ஆண்தான் நம் கண்ணுக்கு வருகிறார். அவருக்காக சி.ஒய். சோய் சாலையில் இடைத்தங்கல் மையம் இருக்கிறது. அது நல்ல காரியம், தொடர வேண்டும். பெண்கள் அப்படி வெளியே படுப்பது குறைவு. அக்காள் வீட்டு முன்கூடத்தில் ஒரு மாதம், கூட வேலை செய்பவர் அறையில் ஒரு வாரம், பிறகு ஆஸ்பத்திரிக் காத்திருப்பு நாற்காலி, கோயில் மண்டபம். யாரும் எண்ணாத வீடற்றவர்கள் இவர்கள். வேறு வழியில்லாமல் பலர் மறுபடி அந்த வீட்டுக்கே போகிறார்கள். இடைத்தங்கல் மையத்தின் முகவரி ஊருக்கே தெரியும் என்பதால், தேடி வரும் கணவனுக்குப் பயந்தவர் அங்கே தங்க முடியாது. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டமோ, தெருவில் இருப்பவரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி மூன்று ஆண்டுவரை இல்லத்தில் வைக்கலாம் என்கிறது. பிள்ளைகளோடு தெருவுக்கு வந்த தாய்க்கு அது உதவியாகத் தெரியாது. பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம்தான் வரும்.

மத்திய அரசின் வேலை இது என்று சிலர் சொல்லக்கூடும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சமூகநலனும் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்பும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சேர்ந்த பொறுப்பு. நிலம் முழுக்க மாநிலத்துடையது.

வீட்டுக்காகப் பொய்ப் புகார் கொடுப்பார்கள் என்பார்கள். போலீஸ், மருத்துவர், சமூகநல அதிகாரி என்று மூன்று பேர் முன்னால் உடம்பையும் மானத்தையும் திறந்து காட்டித்தான் ஒரு பெண் அந்தக் கடிதத்தை வாங்குகிறார். 124 ரிங்கிட் வாடகை வீட்டுக்காக அதைச் செய்வார் என்று நினைப்பவர், ஒரு முறை அந்த அறைக்கு வெளியே காத்திருந்து பார்க்கட்டும். குடும்பம் உடைந்துவிடும் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, குடும்பத்தை உடைத்தது முதல் அடி என்பதே.

கனமான கேள்வி வேறு ஒன்று. பல வருடமாக வீட்டுக்குக் காத்திருக்கும் மற்ற ஏழைகளை இவர்கள் முந்தலாமா? நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். காத்திருப்பவர்களில் தலைக்கு மேல் ஒழுகும் கூரையோடு இருப்பவர்களும் உண்டு. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பினால் சாகலாம் என்ற நிலையில் இருப்பவரை முன்னால் விடுவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம்தான். இங்கிலாந்து 2021-இல் கொண்டுவந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதைச் செய்தது. வன்முறையால் வீடிழந்தவருக்கு வீட்டு உதவியில் தானாகவே முன்னுரிமை உண்டு. காப்பகங்களில் உள்ளவர்களுக்கு ஆதரவு கிடைக்க வழிசெய்வது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு நகரங்களில் கட்டுப்படியான வாடகையில் பாதுகாப்பான இடம் தருகின்றன. காப்பகத்துக்கும் சொந்த வாடகை வீட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு படி இங்கேயும் இருந்தால், பிள்ளையில்லாத இளம் பெண்களுக்கு அதுவே போதும்.

பினாங்கால் முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் ஜாலான் சுங்கை அடுக்குமாடி. 2012-இல் பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகமும் அன்றைய நகராண்மைக் கழகமும் சேர்ந்து அந்த பி.பி.ஆர். அடுக்குமாடியில் வீடு வீடாகப் போய், எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்று குடியிருப்பவர்களிடமே கேட்டன. ஆண், பெண், இளையவர், முதியவர் எல்லோரும் வாக்குப் போட்டார்கள். கட்டடத்தின் துப்புரவு வேலை அங்கே குடியிருப்பவர்களுக்கே கிடைத்தது. பெண்களிடம் கேட்டு வரவுசெலவுத் திட்டம் போடலாம் என்று நாட்டுக்கே காட்டியது இந்த மாநிலம். அதே கேள்வியைக் காப்பகங்களில் இருக்கும் பெண்களிடமும் கேளுங்கள். என்ன வேண்டும் என்பதை அவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

உங்களில் தமிழர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் பெண்கள் உங்கள் தொகுதிச் சேவை மையத்துக்கு வரும்போது, முதலில் கோயில் தலைவரையோ பெரியவரையோ கூப்பிட்டுச் சமாதானம் பேசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேசி அனுப்பிவைத்த பெண் அன்று ராத்திரி எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே கல்யாணமாகி வந்த பெண்களையும் மறக்க வேண்டாம். அவர்களின் விசா கணவனின் கையெழுத்தில் தொங்குகிறது. குடியுரிமை இல்லாததால் அரசு வீட்டுக்கு மனுப் போடவும் முடியாது. அவர்கள் பிள்ளைகள் மலேசியர்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரால் தாய்க்கும் இடம் கொடுக்க ஒரு வழி செய்யுங்கள்.

லைட் ஸ்ட்ரீட் கட்டடத்தில் அடுத்த கூட்டத்தொடர் கூடும்போது, உங்களில் ஒருவராவது இந்த வாய்மொழிக் கேள்வியை எழுதிக் கொடுங்கள்: கடந்த ஓராண்டில் காப்பகங்களிலிருந்து வெளியேறிய பெண்களில் எத்தனை பேருக்கு மாநில அரசின் வாடகை வீடு கிடைத்தது? ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து எண்ணிக்கையைச் சொல்லட்டும். அது பூஜ்யமாக இருந்தால், அதே வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஒரு வாக்காளர்